பக்க எண்ணும் பிள்ளை நிற்கும் இடமும்

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மிகப் பல பள்ளிகள் இப்படித்தான் நடக்கின்றன. 1, 2ஆம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடங்கள். 3ஆம் வகுப்பு முதல் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகப் பிரிந்து ஐந்தாகின்றன. மொத்தம் 23 பாடங்கள். தலைமை ஆசிரியர் வட்டாரக் கூட்டத்துக்குப் போகும் நாளில் அந்த 23-ம் ஒருவர் தலையில்தான் விழும்.

கற்பித்தல் முறையைப் பற்றி யார் பேசினாலும், எந்தப் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டாலும், நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் அதை எடைபோடுகிறேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நாங்கள் எழுதிப் பழகிய பாடக்குறிப்புகள் எல்லாம் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒரே வயதுப் பிள்ளைகள், முக்கால் மணி நேரம் என்ற அடிப்படையில் அமைந்தவை. ஆர்வமூட்டல், பாட விளக்கம், வலுவூட்டல், மதிப்பீடு என்று அழகாகப் படிப்படியாகப் போகும். நான் வேலைக்கு வந்த விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தில் ஒரே அறையில் 1, 2, 3ஆம் வகுப்புகள் உட்கார்ந்திருந்தன. அதைவிடப் பெரிய செய்தி, 3ஆம் வகுப்பு என்று பதிவேட்டில் இருந்த பிள்ளைகளுக்குள்ளேயே மூன்று வகுப்புகள் இருந்தன என்பது.

ஒருத்தி தினத்தாள் தலைப்பைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். அவள் பக்கத்தில் இருந்த பையன் 'கொடி' என்ற சொல்லில் நின்றுவிடுவான். அவன் நிற்பது ஏன் என்று அருகில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அவன் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அடுத்தது 'க', அதற்கடுத்தது துணைக்கால். துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அவன் இடமிருந்து வலமாக, தனக்குத் தெரிந்த நேர்மையான வழியில், 'கெ, ர, டி' என்று படிக்கிறான். அவனிடம் சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. எழுத்தின் முன்னாலும் பின்னாலும் குறி வந்து நின்று இரண்டும் சேர்ந்து ஒரே ஒலியாகும் என்ற செய்தியை அவனுக்கு யாரும் நிதானமாகக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதைக் காட்டப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒற்றைக்கொம்பு, துணைக்கால், 'க', 'ப', 'ம' ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக எழுதி வெட்டிக்கொண்டால் போதும். முதலில் 'கெ' மட்டும். பிறகு 'கா' மட்டும். இரண்டும் ஐயமில்லாமல் வந்த பிறகு, இரண்டு குறியையும் 'க'வின் இருபுறமும் அவன் கையாலேயே வைக்கச் சொல்லி, 'இப்போது இது கொ' என்று சொல்ல வேண்டும். அடுத்து நடுவிலிருக்கும் 'க'வை மட்டும் உருவி எடுத்துவிட்டு 'ப'வை வைத்தால் 'பொ', 'ம'வை வைத்தால் 'மொ'. நடு எழுத்து மாறினாலும் குறிகள் மாறாமல் இருக்கின்றன என்பது பிடிபட்டதும் அவனே ஒவ்வொரு துண்டாக மாற்றி வைத்து உரக்கச் சொல்லத் தொடங்குவான். வழக்கமாகப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்துக்குள் கைவந்துவிடும். ஆனால் அந்த வாரத்தில் 3ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அவன் முன்னால் விரித்து வைத்திருப்பது ஒரு முழுக் கதை. பாடத்திட்ட அட்டவணை அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறது.

இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது இதுதான்: பாடம் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பக்க எண்ணிலிருந்து தொடங்கினால், முன்னால் இருக்கும் ஐந்தாறு பேருக்குப் பாடம் நடக்கும். மற்றவர்களுக்கு வருகைப் பதிவு மட்டுமே நடக்கும்.

வகுப்பு என்ற ஏற்பாடு நமக்குப் புதிது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 3ஆம் வகுப்பு, 4ஆம் வகுப்பு என்று கிடையாது. ஒருவன் மணலில் உயிரெழுத்து எழுதிக்கொண்டிருப்பான், ஒருவன் ஆத்திசூடி, ஒருவன் எண்சுவடி, இன்னொருவன் நிகண்டு என்ற பழைய அகராதி நூல். முடித்தவன் அடுத்த சுவடிக்குப் போவான். வாத்தியாருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். நான் திண்ணைப் பள்ளியைப் புகழ வரவில்லை. என்னிடம் இன்று படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் முப்பாட்டன் அந்தத் திண்ணையில் கால் வைத்திருக்க முடியாது. முப்பாட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரம்பும் தண்டனையும் வேறு. ஆனால் வெவ்வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கற்பிப்பது என்ற சிக்கலுக்கு அங்கே ஒரு விடை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த விடை கப்பலேறிப் போன கதையும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தவர், அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக உட்கார வைத்தார். அது நன்றாகவே நடந்தது. 1797-இல் இலண்டனில் அவர் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்ட பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித் தருவது இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த புதுமை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு எழும்பூர்தான் நினைவுக்கு வரும்.

நான் பணியில் சேர்ந்தபோது, ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்திருந்த புதிது. அதன் வேர் ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியில் இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அங்கே அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்து, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார். 2007-08 கல்வியாண்டில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளில், 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

பார்த்திராதவர்களுக்காக அந்த வகுப்பறையைச் சொல்கிறேன். நாற்காலி, பெஞ்சு கிடையாது, பாய். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் அதில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி அட்டவணை சுவரில் இருக்கும். அதில் படச் சின்னங்களும் எண்களும். பிள்ளை காலையில் வந்ததும் தான் நேற்று விட்ட படியைப் பார்த்து, அதே சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டிய அட்டை என்றால் ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் பாய்க்கு வரும். நண்பர் உதவியோடு செய்வது, தனியாகச் செய்வது, மதிப்பீடு என்று குழுக்கள் தனித்தனி. ஆசிரியர் நாள் முழுவதும் தரையில்தான்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது தைக்குப் பிறகு. எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அல்லது ஆயா வீட்டில் விட்டுப் போவார்கள். பல வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளை பாடநூல் வகுப்புக்கு வந்தால், வகுப்பு எங்கேயோ போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து எல்லாமே பாதியில் தொடங்கும் கதைதான். அட்டை வகுப்பில் அப்படி இல்லை. ஒரு பெண் பொங்கலுக்கு முன்னால் போய் மாசி பிறந்த பிறகு வந்தாள். வாசலில் தயங்கி நின்றவள் உள்ளே வந்து ஏணியைப் பார்த்தாள், தன் சின்னத்தைக் கண்டுபிடித்தாள், அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவள் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம் காட்டக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் இருந்தன, கண்ணால் பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கதை கேட்பதும் வாய்விட்டுப் பேசி விவாதிப்பதும் குறைந்தன. படியேறுவதையே குறியாகக் கொண்டு அட்டையை அரைகுறையாக முடித்துவிட்டுத் தாவும் பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோருக்கு வீட்டில் பார்ப்பதற்குப் புத்தகம் இல்லை. எழுத்து வரிசை வேறு அவர்களைக் கலங்கடித்தது: அகர வரிசையை விட்டுவிட்டு, வடிவத்தில் எளிய ட, ப, ம முதலியவற்றில் தொடங்கி 'படம்', 'பட்டம்' என்று போகும். "பட்டம் என்று எழுதுகிறாள், அ, ஆ சொல்லத் தெரியவில்லை, இது என்ன படிப்பு டீச்சர்?" என்று கேட்ட தாய்மார்கள் பலர். கோடும் வளைவுமாக எளிதில் எழுதக்கூடியதிலிருந்து தொடங்கி, முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை எழுத வைப்பது நல்ல கற்பித்தல் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைப் பெற்றோரிடம் உட்கார்ந்து விளக்க எந்தத் திட்டமும் நேரம் ஒதுக்கவில்லை.

பிறகு சமச்சீர்க் கல்வி வந்தது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை இலேசானது. அது நல்ல காரியம். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. நினைத்தது என்னவோ பிள்ளையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதுதான். நடைமுறையில் பருவம் முடிவதற்குள் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற ஓட்டம் திரும்பி வந்தது. ஏணிப்படியில் இருந்த பிள்ளைகள் மறுபடியும் பக்கத்துக்கு வந்தார்கள். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்கள் அச்சிலும் படத்திலும் கண்ணுக்கு நிறைவானவை, க்யூஆர் குறியீடு வரை எல்லாம் உண்டு. அட்டைகள் மெல்ல அலமாரிக்குள் போயின. கீழ்மட்டக் கரும்பலகை மட்டும் பல பள்ளிகளில் இன்னும் சுவரில் இருக்கிறது.

கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. 2020-இல் 1ஆம் வகுப்பில் பெயர் சேர்ந்த பிள்ளை, 2022 ஜூனில் 3ஆம் வகுப்புக்கு வந்தபோது பள்ளியில் உட்கார்ந்திருந்த காலம் சில மாதங்கள் மட்டுமே. பிள்ளைகளின் வீட்டருகே பாடம் சொல்லித்தந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் செய்த வேலையை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஜூனில் பாடநூலைத் திறந்து முதல் பாடத்தைத் தொடங்குவது எவருக்கும் சாத்தியமாக இருக்கவில்லை.

அந்த நிலையில்தான் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு செய்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள் வந்தன. பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்புக்குத் திரும்பின. மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, ஒரே கருப்பொருளில் மூன்று வகுப்புக்கும் பாடம் நடத்தும்படி ஆசிரியர் கையேடு எழுதப்பட்டிருந்தது. அந்தக் கையேட்டை முதல் முறை புரட்டியபோது, எங்களைப் போன்ற பள்ளியை ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்கள் எழுதியது என்ற நிம்மதி எனக்கு உண்டாயிற்று.

கணக்கில் இது என்ன செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். தவறு என்று சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த நாளும் அதையேதான் செய்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு 52 என்பது 5-ம் 2-ம் அருகருகே நிற்பது மட்டும்தான். நான் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, பதினேழு குச்சி எனக்குக் கொடு என்றால், பிள்ளை உதிரி இரண்டையும் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். சிறிது நேரம் யோசிக்கும். பிறகு ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். அதுதான் கடன் வாங்குதல். அந்த ரப்பர் கழன்ற பிறகு தாளில் 5-ஐ அடித்து 4 என்று எழுதுவதற்குக் காரணம் தெரிந்துவிடும். ஆனால் குச்சியிலிருந்து நேராகத் தாளுக்குத் தாவக் கூடாது. நடுவில் கட்டுகளையும் உதிரிகளையும் படமாக வரையும் நாட்கள் சில வேண்டும். மொட்டு நிலைப் பிள்ளை அந்த நாட்களில் இருக்கும்போது மலர் நிலைப் பிள்ளையை அங்கேயே நிறுத்தி வைப்பதும் அநியாயம். நிலை பிரித்தல் இருவருக்கும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைக் கற்பித்தல் முறையோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் முதல் பாடவேளையை அதுதான் மீட்டுக் கொடுத்தது. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளையிடம் கழித்தல் கணக்கு பேச முடிகிறது.

நிலை பிரிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெயர் மென்மையாக இருந்தாலும், தான் அரும்பில் இருக்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பருவம் முழுக்க அரும்பிலேயே வைத்துவிட்டால் அது அந்தப் பிள்ளையின் ஊர்ப்பெயரைப் போல ஒட்டிக்கொள்ளும். ஆகவே நான் பாடத்துக்குப் பாடம் இடத்தை மாற்றி உட்கார வைக்கிறேன். தமிழில் அரும்பில் இருப்பவன் கணக்கில் மலரில் இருக்கக்கூடும், பெரும்பாலும் இருக்கிறான். கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறவன் அவன். அவனை அடுத்தவருக்குச் சொல்லித்தர உட்கார வைத்தால், தமிழ்ப் பாடவேளைக்கு அவன் வேறு முகத்தோடு வருகிறான்.

எனக்கு உண்மையில் போதாமல் இருப்பது நேரம். ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செயலியில் பதிவேற்ற வேண்டும், வருகையைப் பதிவேற்ற வேண்டும், நலத்திட்ட விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் கைபேசியோடு அலைவரிசை தேடி வேப்பமரத்தடிக்குப் போனால், பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடுகிறது. 'கெ, ர, டி' என்று படிக்கும் பையனின் அருகில் உட்காருவதற்கான பத்து நிமிடம் அங்கேதான் போகிறது. மதிப்பீடு வேண்டும்தான், அது ஆசிரியர் அடுத்த நாள் என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவ வேண்டும். பதிவேற்றியபின் மேலே போய் அங்கேயே தங்கிவிடும் தகவல் பிள்ளைக்குத் திரும்பி வருவதில்லை.

முறையை ஆட்சிக்கு ஆட்சி, அதிகாரிக்கு அதிகாரி மாற்றுவதிலும் எனக்கு வருத்தம் உண்டு. செயல்வழிக் கற்றலில் எத்தனையோ ஆசிரியர்கள் சேர்ந்து அட்டை எழுதினார்கள், சோதித்தார்கள், திருத்தினார்கள். எந்தப் படியில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துபடி. அந்த அறிவு அட்டைகளோடு அலமாரிக்குள் போயிருக்கக் கூடாது. இப்போது எண்ணும் எழுத்தும் கொண்டுவந்திருக்கும் நல்லவற்றுக்கும் அதே கதி வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மாறட்டும், சின்னம் மாறட்டும். பிள்ளை நிற்கும் இடத்தைக் கேட்கும் அந்த ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அடுத்த பாடநூல் திருத்தத்தின்போது கருத்துக் கேட்டால், 4, 5ஆம் வகுப்புகளை ஒன்றாக வைத்துத் திட்டமிடச் சொல்வேன். எண்ணும் எழுத்தும் 2023-24-இல் இந்த வகுப்புகளுக்கும் நீண்டது, ஆனால் இவற்றின் அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் இன்னும் தனித்தனி உலகங்களாகவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் நடத்தும் பள்ளிக்கு அது பொருந்தவில்லை. 4ஆம் வகுப்பில் ஐவகை நிலம் வருகிறது, 5ஆம் வகுப்பில் வேளாண்மை வருகிறது. சென்ற கார்த்திகையில் இரண்டு வகுப்பையும் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னவர்கள் ஏரி, மதகு, வாய்க்கால், வயல் எது எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். பெரியவர்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நாற்று எத்தனை நாளில் பறிப்பார்கள், ஏக்கருக்கு விதைநெல் எவ்வளவு, மதகுத் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாயும் என்று கேட்டு எழுதி வந்தார்கள். கடைசிக் கேள்விக்கு நடவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதையும் அப்படியே எழுதி வந்திருந்தார்கள். மறுநாள் வரைபடத்தையும் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் கம்பியில் தொங்கவிட்டு, இரண்டு வகுப்பும் சேர்ந்து தண்ணீர் போகும் வழியைக் கோடு போட்டுப் பார்த்தோம். இரண்டு புத்தகத்திலும் அந்தப் பாடங்கள் வெவ்வேறு பருவத்தில் இருக்கின்றன. அவற்றை ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்தாலே எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.